டான்சில் சிகிச்சைக்குப் பின் குழந்தைப் பராமரிப்பு

டான்சில் அகற்றப்பட்ட குழந்தை வீடு திரும்பிவிட்டதாலேயே ரணம் ஆறிவிட்டதென்று பெற்றோர் கருதலாகாது. தொண்டை பூரண குணமடைய 10 முதல் 14 நாட்கள் பிடிக்கலாம் என்பதோடு, சில நாட்கள் கழிந்தபின் வேதனை அதிகரிப்பதும் சகஜமே. தொண்டைக்கும் காதுக்கும் பொதுவான நரம்பு ஒன்று இருப்பதால், குழந்தை காது வலிக்கிறதென்று அழக்கூடும். ரணத்தின்மேல் படரும் வெண்ணிற ஏடு சீழன்று, ஆறுவதன் லட்சணமேயாகும்.

வலிக்கு அஞ்சி விழுங்க மறுத்தால் தொண்டை வறண்டு வேதனை மேலும் பெருகுமாதலால், மருத்துவர் விதித்த பாரசிட்டமாலை உரிய வேளையில் கொடுத்து, வலி தணிந்திருக்கும் தருணத்தில் இளநீர், ஆறிய கஞ்சி, குழைந்த பருப்புச் சாதம் ஆகியவற்றைச் சிறுகச் சிறுக ஊட்டுவதே உத்தமம். வலிக்கென ஆஸ்பிரின் கொடுத்தால் அது ரத்தப்போக்கை அதிகரிக்கும். கோடீன் என்னும் வலிநிவாரணியோ சில குழந்தைகளின் உடலில் அதிவேகமாக மார்ஃபினாக மாறிச் சுவாசத்தையே ஒடுக்கவல்லது என்பதால், 2013-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதற்கெதிராகக் கடும் எச்சரிக்கை விடுத்தது.

குழந்தை சரிவரப் பருகாமல் சிறுநீர் வெகுவாகக் குறைந்தால் மருத்துவரை நாட வேண்டும். ஏடு உதிரும் காலம் பெரும்பாலும் 5 முதல் 10 நாட்களுக்குள் வரும்; அப்போது வாயில் புதிய சிவந்த ரத்தம் தென்பட்டால், அது சொற்பமே ஆயினும், பொழுது விடியட்டுமென்று காத்திராமல் உடனே குழந்தையை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது பெற்றோரின் தலையாய கடமை.