ராப் கவிதையா? காவடிச் சிந்தைக் கேளுங்கள்

"வாய்க்கு வந்ததைக் கடகடன்னு பேசுறான், இது பாட்டா?" ராப்பைக் கேட்டு இப்படி அலுத்துக்கொள்ளும் பெரியவர்கள், காவடிச் சிந்து என்றால் தலையாட்டுவார்கள். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன் மேல் பாடியது அது. நடையின் வேகத்துக்குச் சொல் ஓடும். அடிக்குள்ளேயே எதுகையும் இயைபும் அடுக்கடுக்காக விழும். மூச்சு விட இடம் தேட வேண்டும். ராப்பர்கள் 'ஃப்ளோ' என்பது ஏறக்குறைய இதைத்தான்.

ராப்பில் நான்கு தட்டு ஒரு 'பார்'. அந்தக் கணக்குக்குள் சொல் வந்து உட்கார வேண்டும். ஆங்கில ராப் பெரும்பாலும் அடியின் கடைசியில் ஒலியைப் பொருத்தும். தமிழ்க் காதோ அடியின் தொடக்கத்திலும் எதுகையை எதிர்பார்க்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் திருப்பாவையில் எட்டு அடிக்கும் ஒரே எதுகை. 30 பாசுரமும் 'எம்பாவாய்' என்றே முடியும். திரும்பத் திரும்ப வரும் இந்த முடிப்புதான் இன்றைய ராப் பேச்சில் 'ஹுக்'. கடைசிப் பாசுரத்தில் ஊரையும் தந்தையையும் தன் பெயரையும் சொல்லி முத்திரை வைக்கிறாள் கோதை என்ற ஆண்டாள். ராப்பரும் பெயரையும் ஏரியாவையும் சொல்லாமல் மைக்கை விடமாட்டார்.

ஆக, கட்டுமானம் நமக்குப் புதிதல்ல. புதிது, யார் எதைப் பாடுகிறார்கள் என்பது. 1973இல் நியூயார்க்கின் பிராங்க்ஸில், வறுமை பிடித்த கறுப்பின மக்களின் குடியிருப்புகளில் பிறந்தது ஹிப்ஹாப். மலேசியாவின் யோகி பி 2006இல் 'வல்லவன்' தொகுப்பால் தமிழ் ராப்புக்குப் பெரிய கவனம் பெற்றுத் தந்தார். 2018இல் சென்னையில் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில், அரக்கோணத்து அறிவு சாதியைப் பெயர் சொல்லிக் கேள்வி கேட்டார். அதே ஆண்டு அமெரிக்க ராப்பர் கென்ட்ரிக் லாமரின் தொகுப்புக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. 2021இல் வந்தது அறிவு பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி'. தேயிலைத் தோட்டத்தில் உழைத்தும் நிலமில்லாமல் நின்ற தலைமுறையின் கதை அதற்குள் இருக்கிறது. தலைப்பிலுள்ள 'எஞ்சாமி', பாட்டிகள் பேரனைக் கொஞ்சும் சொல். கனமான விஷயம் அவ்வளவு லேசான சொல்லில் ஏறியதுதான் கவிதை.

துன்பத்தைச் சொன்னால் மட்டும் கவிதையாகிவிடாது. ரத்தம், யுத்தம், சத்தம் என்று அடுக்கும் ராப் எனக்குச் சலிப்பூட்டுகிறது. அந்த வரிகளுக்கு ஊரே கிடையாது. ஊர் வேண்டுமென்றால் இதோ: ராஜபாளையத்தில் நூற்பாலைகள், பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகள். பாவு, ஊடை, நாடா, நைட் ஷிப்ட், மூக்கில் ஏறும் பஞ்சுத் தூசி என எழுதுகிறவருக்குச் சொல் அங்கேயே கிடக்கிறது. நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் சங்கைக் கேள்வி கேட்டுப் பத்துப் பாசுரம் பாடியிருக்கிறாள். மில்லில் ஷிப்டுக்கு ஊதுவதற்கும் சங்கு என்றுதான் பெயர்.