புற்றுநோயாளிக்கு இரவில் தூக்கம் இல்லையா?

வீடே உறங்கிய பிறகும், புற்றுநோய் முற்றிய நிலையில் இருப்பவர் விடிய விடிய விழித்துக் கிடப்பார். ‘இந்த நோய்க்கு இப்படித்தான்’ என்று குடும்பமும் விட்டுவிடும். அப்படி விட வேண்டியதில்லை. தூக்கமின்மைக்குக் காரணம் உண்டு. பெரும்பாலும் வழியும் உண்டு.

முதல் காரணம், வலி. 4 மணி நேரத்துக்கு ஒருமுறை மார்பின் மாத்திரை போடுபவரை, மருந்தின் வேகம் குறைந்ததும் நள்ளிரவில் வலி எழுப்பிவிடும். படுக்கும்முன் கொடுக்கும் அளவை மருத்துவர் மாற்றித் தருவார். நீங்களாக மாற்றக் கூடாது.

அடுத்தது, மாத்திரை நேரம். டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டை மாலையில் போட்டால் தூக்கம் கெடும். காலையிலேயே கொடுக்கலாமா என்று கேளுங்கள். சிறுநீரை அதிகமாக்கும் மாத்திரைக்கும் இதே கேள்விதான்.

மூச்சுத்திணறல், மனச்சோர்வு, ‘தூங்கினால் விழிப்போமா’ என்ற பயம் ஆகியவையும் தூக்கத்தைக் கெடுக்கும். பயத்துக்கு முதல் மருந்து, பக்கத்தில் உட்கார்ந்து காதுகொடுக்கும் ஒருவர்.

மருந்துக்கடையில் நீங்களே தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். மார்பினோடு சேர்ந்தால் மூச்சையே மந்தமாக்கிவிடலாம். எத்தனை மணிக்கு, எதனால் விழிக்கிறார் என்று 3 நாட்கள் குறித்துவைத்து, பாலியேட்டிவ் கேர் மருத்துவரிடம் காட்டுங்கள். அந்தச் சீட்டிலிருந்தே சிகிச்சை தொடங்கும்.