பிடித்த பணத்தைக் கேட்டு வாங்கலாம்

கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கியது. ஒரு கோடியே ஆறு லட்சத்துக்கும் அதிகமான பெண்களின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய். பணம் ஏறிவிட்டதாக செல்போனில் மெசேஜ் வந்த சில நாட்களிலேயே புகார்களும் கிளம்பின. எடுக்கப் போனால் பணம் இல்லை, அல்லது பாதிதான் இருக்கிறது. முந்தைய மாதங்களில் மினிமம் பேலன்ஸ் வைக்கவில்லை என்று சொல்லி, சில வங்கிகள் அந்தத் தொகையிலிருந்து பழைய கட்டணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. சேவைக் கட்டணம் என்ற பெயரில் இந்தப் பணத்தில் கைவைக்கக் கூடாது என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிக்கை விட வேண்டியிருந்தது.

ஒரே வாரத்தில், ஒரே தொகை, இத்தனை பேருக்குப் போனதால் அது செய்தியானது. மற்ற நாட்களில் இதே பிடித்தம் தனித்தனி ஆட்களின் கணக்கில் சத்தமில்லாமல் நடக்கிறது. முதியோர் உதவித்தொகை, நூறு நாள் வேலைக் கூலி, மாணவர்களின் கல்வி உதவித்தொகை என எது வந்து விழுந்தாலும், பணமில்லாத மாதங்களில் வெட்ட முடியாமல் குறித்து வைத்திருந்த கட்டணம் அதிலிருந்து முதலில் போகிறது. விவரம் கேட்டு கவுன்ட்டரில் போய் நிற்பவர்களுக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்.

"சார், ஆயிரம் ரூபா ஏறியிருக்குன்னு மெசேஜ் வந்துச்சு. ஏ.டி.எம்.ல பாத்தா இருநூறுதான் காட்டுது."

"மினிமம் பேலன்ஸ் இல்லம்மா. சிஸ்டமே பிடிச்சுடும். நாங்க ஒண்ணும் பண்ண முடியாது."

பிடிப்பது சிஸ்டம்தான். ஆனால், ஒன்றும் செய்ய முடியாது என்பது சரியல்ல. பிடித்த கட்டணத்தைத் திரும்ப வரவு வைக்க வங்கிக்கு வழி இருக்கிறது. விதியை மீறிப் பிடித்திருந்தால் வரவு வைக்க வேண்டிய கடமையும் இருக்கிறது.

தனி ஒருவருக்கு இது நூறு, இருநூறு. நாடு முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் தலை சுற்றும். 2019-20 முதல் 2023-24 வரையிலான ஐந்து நிதியாண்டுகளில், மினிமம் பேலன்ஸ் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பொதுத்துறை வங்கிகள் வசூலித்த தொகை சுமார் 8,500 கோடி ரூபாய். நாடாளுமன்றத்தில் மத்திய அரசே தந்த கணக்கு இது. அதற்கு முன், 2017 ஏப்ரலில் இந்தக் கட்டணத்தை மறுபடி கொண்டுவந்த ஸ்டேட் வங்கி, நவம்பர் வரையிலான எட்டு மாதங்களில் மட்டும் 1,771 கோடி ரூபாய் வசூலித்தது. அந்த ஆண்டின் இரண்டாம் காலாண்டில் அந்த வங்கி ஈட்டிய லாபத்தைவிட இது அதிகம். எதிர்ப்பு வலுக்கவே 2018-ல் கட்டணத்தைக் குறைத்து, 2020 மார்ச்சில் அடியோடு கைவிட்டது. 2025-ல் கனரா வங்கி, பஞ்சாப் நேஷனல் வங்கி, இந்தியன் வங்கி ஆகியவையும் சேமிப்புக் கணக்குகளுக்கு இதை ரத்து செய்தன. தனியார் வங்கிகள் பலவற்றில் இன்னும் உண்டு. ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி 2025 ஆகஸ்டில் நகரங்களில் தொடங்கும் புதிய கணக்குகளுக்கு 50,000 ரூபாய் சராசரி இருப்பு வேண்டும் என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே 15,000-க்கு இறங்கி வந்தது.

எவ்வளவு இருப்பு வேண்டும் என்பதை அந்தந்த வங்கிதான் முடிவு செய்கிறது. ரிசர்வ் வங்கி அதில் தலையிடுவதில்லை. ஆனால் கட்டணத்தை எப்படிப் பிடிக்கலாம் என்பதற்கு விதி உண்டு. வாடிக்கையாளருக்கு இருக்கும் பலம் இங்கேதான். 2014 நவம்பர் 20 அன்று வெளியிட்டு, 2015 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கி இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இருப்பு குறைந்தால் எஸ்.எம்.எஸ்., மின்னஞ்சல் அல்லது கடிதம் மூலம் முதலில் தெரிவிக்க வேண்டும். இருப்பைச் சரிசெய்யக் குறைந்தது ஒரு மாதம் அவகாசம் தர வேண்டும். அதன் பிறகே கட்டணம். அதுவும் எல்லோருக்கும் ஒரே தொகையாக இருக்கக் கூடாது. எவ்வளவு குறைகிறதோ அதற்கேற்ற விகிதத்தில்தான் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தக் கட்டணத்தால் மட்டுமே சேமிப்புக் கணக்கு மைனஸில் போகக் கூடாது.

கடைசி விதியைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. வேலை மாறியதும் மறந்துபோன சம்பளக் கணக்கு மைனஸ் 2,000 காட்டுகிறது என்று பயந்து, அதைக் கட்டிவிட்டுக் கணக்கை மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். மினிமம் பேலன்ஸ் கட்டணத்தால் மட்டும் வந்த மைனஸ் என்றால் அதைக் கட்டத் தேவையில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வரவு செலவு இல்லாமல் செயலற்றுப்போன கணக்கில் இந்தக் கட்டணத்தைப் பிடிக்கவே கூடாது. அதை மீண்டும் உயிர்ப்பிக்கவும் கட்டணம் கேட்கக் கூடாது.

இ.எம்.ஐ. பவுன்ஸ் வேறு மாதிரி அடி. இரு சக்கர வாகனக் கடனுக்கு மாதம் 2,350 ரூபாய் தவணை என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாம் தேதி காலை கணக்கில் இருப்பது 2,290. குறைவது 60 ரூபாய். தவணை திரும்பியதும் வங்கி 250 ரூபாயும் அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 295 பிடிக்கிறது. கடன் கொடுத்த நிறுவனம் தன் பங்குக்கு 500 கேட்கிறது. அறுபது ரூபாய் குறைந்ததற்கு 795 ரூபாய் போகிறது. நிறுவனம் அதே மாதத்தில் மறுபடி தவணையை அனுப்பி, அதுவும் திரும்பினால் இன்னொரு 295. உண்மையிலேயே பணம் போதாமல் திரும்பியதென்றால் இதைத் திரும்பப் பெறுவது கடினம். ஆனால் தவணைத் தேதிக்கு முன்பே அனுப்பியிருந்தாலோ, நாம் ஏற்கெனவே நேரில் கட்டிய தவணைக்கு மறுபடி அனுப்பியிருந்தாலோ, தவறு அவர்களுடையது. இரண்டு கட்டணங்களையும் உரிமையோடு திரும்பக் கேட்கலாம். தவணை எந்தத் தேதியில், எத்தனை முறை வந்தது என்பது வங்கி ஸ்டேட்மென்ட்டில் இருக்கும்.

பிடித்த பணம் திரும்பி வரும் என்பதற்கு நாடறிந்த உதாரணம் 17 ரூபாய் 70 காசு. ஜன்தன் திட்டத்தில் தொடங்கிய ஜீரோ பேலன்ஸ் கணக்குகளில் மாதம் நான்கு முறைக்கு மேல் பணம் வெளியே போனால், ஒவ்வொரு முறையும் ஸ்டேட் வங்கி 15 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் பிடித்துவந்தது. ஏ.டி.எம்.மில் எடுப்பது மட்டுமல்ல, யு.பி.ஐ.யில் கடைக்காரருக்கு இருபது ரூபாய் அனுப்பினாலும் அதே 17.70. மும்பை ஐ.ஐ.டி.யின் புள்ளியியல் பேராசிரியர் ஆசிஷ் தாஸ் விதிகளையும் கணக்குகளையும் தோண்டியெடுத்து, இது ஏழைகளிடம் நியாயமின்றிப் பிடித்த பணம் என்று அறிக்கை எழுதினார். இதற்கிடையே, 2020 ஜனவரி 1-க்குப் பிறகு யு.பி.ஐ., ரூபே கார்டு பரிவர்த்தனைகளுக்குப் பிடித்த கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி மத்திய நேரடி வரிகள் வாரியம் 2020 ஆகஸ்ட் 30 அன்று வங்கிகளுக்குச் சொன்னது. தாஸின் 2021 அறிக்கையின் கணக்குப்படி அந்த வங்கி பிடித்திருந்தது 254 கோடி ரூபாய். திருப்பித் தந்தது 90 கோடி. மீதி 164 கோடியும் 2020-க்கு முன்பு பிடிக்கப்பட்டது.

அந்த 90 கோடி யாரும் மனு எழுதாமலே அவரவர் கணக்கில் வந்து சேர்ந்தது. நியாயமாக எல்லாத் தவறான பிடித்தங்களும் இப்படித்தான் திரும்ப வேண்டும். முடியாது என்று சொல்லவும் இடமில்லை. ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்துவிட்டால் ஐந்து நாட்களுக்குள் திருப்பி வரவு வைக்க வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீட்டை வாடிக்கையாளர் கேட்காமலே கொடுக்க வேண்டும் என்று 2019 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. முன்னறிவிப்பு அனுப்பினோமா இல்லையா என்பதும் வங்கியின் அதே கணினியில்தான் இருக்கிறது. அனுப்பாத கணக்குகளைத் தேடிப் பணத்தைத் திருப்பும் பொறுப்பை, படிக்கத் தெரியாத பாட்டியின் தலையில் ஏற்றுவது என்ன நியாயம்?

பிரிட்டனில் இந்தச் சண்டை தெருவுக்கே வந்தது. அங்கே அனுமதியில்லாமல் ஓவர்டிராஃப்டில் போனால், ஒரு செக் திரும்பினாலே சில வங்கிகள் 39 பவுண்டு வரை பிடித்தன. 2006, 2007 வாக்கில் மக்கள் மாதிரிக் கடிதங்களைப் பிரதியெடுத்து, ஆறு ஆண்டுக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டு வங்கிகளுக்கு எழுதினார்கள். வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் வங்கிகள் பெரும்பாலும் பணத்தைக் கொடுத்து முடித்துக்கொண்டன. பிறகு இது சோதனை வழக்காக மேலே போனது. இந்தக் கட்டணங்கள் வங்கிச் சேவைக்கான விலையின் ஒரு பகுதி, அது அதிகமா என்று நியாய விதிகளின்படி எடைபோட முடியாது என்று 2009 நவம்பர் 25 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தோற்ற சண்டை பத்தாண்டு கழித்து வேறு வழியில் ஜெயித்தது. 2020 ஏப்ரல் முதல் ஓவர்டிராஃப்டுக்கு நிலையான கட்டணமே கூடாது, வட்டி மட்டும்தான் என்று அங்குள்ள நிதி ஒழுங்குமுறை ஆணையம் விதி போட்டது. அனுமதியில்லாத ஓவர்டிராஃப்ட் கட்டணத்தில் பாதிக்கு மேல் வெறும் 1.5 சதவீத வாடிக்கையாளர்களிடமிருந்தே வந்தது என்று அந்த ஆணையம் கண்டறிந்திருந்தது. கையில் பணமில்லாதவர்கள்தான் அங்கேயும் கட்டியிருக்கிறார்கள்.

நம் ஊரில் கேட்கும் முறை எளிது. ஆனால் எழுத்தில் கேட்க வேண்டும். ஸ்டேட்மென்ட் வாங்கி, கட்டணம் என்று வரும் ஒவ்வொரு வரியையும் தேதியோடு குறித்துக்கொள்ள வேண்டும். கடிதத்தில் 'கட்டணம் அதிகம்' என்று எழுதிப் பயனில்லை. அது வங்கியின் வணிக முடிவு என்று தள்ளிவிடுவார்கள். 'இந்தக் கட்டணத்துக்கு முன் எந்தத் தேதியில், எந்த வழியில் எனக்கு முன்னறிவிப்பு அனுப்பினீர்கள்? ஒரு மாத அவகாசம் கொடுத்தீர்களா? இல்லையென்றால் ரிசர்வ் வங்கி விதிகளின்படி திருப்பி வரவு வைக்கவும்' என்று கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். கிளையில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்வது அவசியம். இணையத்தில் அனுப்பினால் புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளலாம்.

வங்கி மறுத்தாலோ, 30 நாட்களில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது குறைதீர்ப்பாளரிடம், போகலாம். 2021 நவம்பர் முதல் நாடு முழுவதற்கும் ஒரே திட்டம். இணையதளத்தில் பதியலாம், சண்டிகரில் உள்ள மையத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. 14448 என்ற எண்ணில் தமிழிலேயே விவரம் கேட்கலாம். ஆனால் முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும். அந்த முத்திரை போட்ட நகல் இங்கேதான் உதவும்.

மாதா மாதம் இந்தத் தொல்லை வேண்டாம் என்றால், இருக்கிற சேமிப்புக் கணக்கையே அடிப்படை சேமிப்புக் கணக்காக, அதாவது ஜீரோ பேலன்ஸ் கணக்காக, மாற்றித் தரும்படி எழுதிக் கொடுக்கலாம். ஏழைகளுக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம், யாரும் கேட்கலாம். அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்திருக்கக் கூடாது. இருந்தால் 30 நாட்களுக்குள் மூட வேண்டும். ஏற்கெனவே தவறாகப் பிடித்த கட்டணம் இருந்தால், கணக்கை மாற்றக் கேட்கும் கடிதத்திலேயே அந்தத் தேதிகளையும் தொகைகளையும் எழுதிச் சேர்த்துவிடலாம்.