‘எனக்குக் கொஞ்சம் ஓசிடி!’

அலமாரியில் சட்டைகளை நிறவாரியாக அடுக்குகிறவர் ‘எனக்குக் கொஞ்சம் ஓசிடி’ என்கிறார். மதிப்பெண் குறைந்த மாணவருக்கு ‘ஒரே டிப்ரஷன்’. கண்டிப்பான மேலாளர் ‘டாக்ஸிக்’. மனநல மருத்துவர்களிடையே புழங்கிய சொற்கள் இப்போது கல்லூரி கேன்டீன் வரை வந்துவிட்டன. அவை எதைக் குறிக்கின்றன என்பதுதான் வழியில் தொலைந்துபோனது.

ஓசிடி என்பது சுத்தத்தின் மீதுள்ள பிரியம் அல்ல. கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போனவருக்குச் சந்தேகம் வருகிறது. திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறார். பூட்டித்தான் இருக்கிறது. மறுபடி தெருமுனை, மறுபடி அதே சந்தேகம். அதற்குள் பேருந்து போய்விடுகிறது. சிலர் கை கழுவிக் கழுவியே தோல் வெடித்துப்போய் நிற்கிறார்கள். தான் செய்வதில் அர்த்தமில்லை என்று பெரும்பாலும் அவர்களுக்கே தெரியும். ஆனாலும் நிறுத்த முடியாது. இது நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விழுங்குகிறதா, அன்றாட வாழ்க்கையைக் குலைக்கிறதா என்று மருத்துவர்கள் பார்க்கிறார்கள். சட்டை அடுக்குகிறவருக்கு அடுக்கி முடித்ததும் திருப்தி. இவருக்கு அது நிலைப்பதே இல்லை.

டிப்ரஷனும் அப்படித்தான். ஒருநாள் சோகத்துக்கு அந்தப் பெயர் பொருந்தாது. குறைந்தது 2 வாரம், நாளின் பெரும்பகுதி மனம் சோர்ந்தோ எதிலும் நாட்டமின்றியோ கிடக்க வேண்டும். தூக்கம், பசி, கவனம் ஆகியவையும் கூடவே பாதிக்கப்படும்.

புதுச் சொற்களே வேண்டாம் என்பதல்ல என் கட்சி. ‘கேஸ்லைட்டிங்’ என்ற சொல் 1938இல் பேட்ரிக் ஹாமில்டன் எழுதிய நாடகத்தின் பெயரிலிருந்து பிறந்தது. வீட்டில் விளக்கு மங்குவதை மனைவி கண்ணால் பார்க்கிறாள்; ‘உனக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டது’ என்று கணவன் அவளையே நம்பவைக்கப் பார்க்கிறான். மெரியம் வெப்ஸ்டர் அகராதி 2022இன் சொல்லாக இதைத் தேர்ந்தெடுத்தது. தனக்கு நடப்பது என்னவென்று சொல்லத் தெரியாமல் தவித்த எத்தனையோ பெண்களுக்கு இது கைகொடுத்திருக்கிறது. ஆனால், ‘நான் அப்படிச் சொல்லவில்லையே’ என்று மறுக்கும் எவரையும் அதே சொல்லால் அடித்தால் அதன் கூர் மழுங்கிவிடும்.

உண்மையிலேயே நோயுள்ளவர் துணிந்து வாய் திறக்கும்போது, ‘அட, அது எனக்கும்தான் இருக்கு’ என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள். அதன் பிறகு அவர் மருத்துவரிடம் போவதையே தள்ளிப்போடக்கூடும். அப்படித் தயங்குகிறவர்கள் மத்திய அரசின் டெலி மானஸ் எண்ணான 14416இல் எந்நேரமும் கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம்.