மலை ஏறும்முன் போடும் மாத்திரை: சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் கவனிக்க

ஆழியாறு பக்கமிருந்து வால்பாறைக்கு ஏற 40 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலைக்கு 70. பயணத்தில் வயிற்றைப் புரட்டும் உடம்பு உங்களுடையது என்றால், அடிவாரத்து மருந்துக்கடையில் 'வாந்தி வராம இருக்க ஒரு மாத்திரை குடுங்க' என்று கேட்டிருப்பீர்கள். வேறு நோய் இல்லாதவருக்கு அது பெரும்பாலும் போதும். ஏற்கெனவே ஏதாவது மருந்து சாப்பிடுபவருக்குப் போதாது.

முதலில், ஏன் குமட்டுகிறது? காதின் உட்புறத்தில் உடலின் சமநிலையைக் கவனிக்கும் உறுப்பு இருக்கிறது. வண்டி வளைவதை அது உணர்ந்து மூளைக்குச் சொல்கிறது. கண்ணோ செல்போனையோ முன் சீட்டையோ பார்த்துக்கொண்டு 'எதுவும் அசையவில்லை' என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால்தான் குமட்டல். வயிற்றில் கோளாறு எதுவும் இல்லை.

அதனால்தான் வயிற்றுக்கோளாறுக்குத் தரும் டோம்பெரிடோன், ஒன்டான்செட்ரான் மாத்திரைகள் பயண வாந்தியை அவ்வளவாக நிறுத்துவதில்லை. அதோடு, இவை இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடியவை. இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

அப்படியானால் எது வேலை செய்யும்? புரோமெத்தசின் (அவோமின் என்று கேட்டு வாங்குவது), சின்னரிசின், டைமென்ஹைட்ரினேட் போன்றவை. மூன்றும் ஆன்டிஹிஸ்டமின் (ஒவ்வாமைக்குத் தரும் மருந்து) குடும்பத்தின் பழைய வகை. கிளம்புவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும். வாந்தி தொடங்கியபின் விழுங்கினால் அதுவும் சேர்ந்து வெளியே வந்துவிடும்.

இவை யாருக்கு ஆகாது? கிளாக்கோமா (கண்ணுக்குள் அழுத்தம் கூடும் நோய்) இருந்தால், அதில் ஒரு வகைக்கு அழுத்தம் திடீரென ஏறி வலியும் பார்வை மங்கலும் வரலாம். புராஸ்டேட் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழுள்ள சுரப்பி) வீங்கியவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். அறுபது வயதைத் தாண்டிய அப்பாக்கள் பலர் இந்தத் தொல்லையை வீட்டில் சொல்வதே இல்லை. தயவுசெய்து மாத்திரை தருமுன் கேளுங்கள். வலிப்பு, ஆஸ்துமா உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே போட வேண்டும். பார்க்கின்சன் (நடுக்குவாதம்) இருந்தால் சின்னரிசின் நடுக்கத்தைக் கூட்டும்.

தூக்கம் வருவதும் சாதாரண விஷயமல்ல. தூக்க மாத்திரை, சளி சிரப், மது இவற்றோடு சேர்ந்தால் மயக்கம் ஆழமாகும். வயதானவர்கள் குழம்பிப்போய்ப் படியில் இறங்கும்போது விழுகிறார்கள். வண்டி ஓட்டுபவர் போடவே கூடாது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் புரோமெத்தசின் கொடுக்கவே கூடாது. கர்ப்பிணிகள் தங்கள் மருத்துவர் சொல்வதை மட்டும் எடுக்க வேண்டும்.

சர்க்கரை இருக்கிறதா? இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். காலையில் இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ போட்டுக்கொண்டு, இட்லி சாப்பிட்டு, ஆறாவது வளைவில் அத்தனையும் வாந்தி எடுத்தால் என்ன ஆகும்? மருந்து உடம்பில் வேலை செய்துகொண்டிருக்கும், உணவு இருக்காது. சர்க்கரை சரசரவென்று இறங்கும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் வரும். பக்கத்தில் இருப்பவர்கள் 'பஸ் ஒத்துக்கல' என்று நினைத்துவிடுவதுதான் ஆபத்து.

ஆகவே குளுக்கோமீட்டர் (விரல்நுனி ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் கருவி) கைப்பையில் இருக்கட்டும். டிக்கியில் வைக்காதீர்கள். 70-க்குக் கீழே காட்டினால், விழுங்க முடிகிறவருக்கு மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

'சாப்பிடாமலே ஏறிவிட்டால்?' மருந்தைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு போவது இதே ஆபத்துதான். மருந்தை நீங்களாக நிறுத்துவதும் தவறு. பயணத்துக்கு முதல் நாளே மருத்துவரிடம் நேரத்தையும் அளவையும் கேட்டுவிடுங்கள்.

கைவைத்தியம் பாதுகாப்பானதுதானே? எலுமிச்சம்பழத்தை முகர்வதில் ஒரு கெடுதலும் இல்லை. இஞ்சி சிலருக்குக் குமட்டலைக் குறைக்கிறது. ஆனால் இஞ்சி மரப்பாவில் பாதிக்கு மேல் சர்க்கரை என்பதை நினைவில் வையுங்கள். வார்ஃபரின் போன்ற ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் இஞ்சியை அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். உப்பு நார்த்தங்காய் நாக்குக்கு இதம்தான். பிரஷர், சிறுநீரக நோய், இதயத் தளர்ச்சி உள்ளவர்களுக்கு அந்த உப்பு ஆகாது.

எந்த நோய் இருந்தாலும் யாரும் தயங்காமல் செய்யக்கூடியவை சில உண்டு. முன்பக்க இருக்கை, தலையை அசைக்காமல் சாய்த்துக்கொள்வது, தூரத்துச் சாலையைப் பார்ப்பது, ஜன்னல் காற்று, செல்போனை மூடி வைப்பது. லேசான சாப்பாடு போதும். மாத்திரைக்கு முன் இவற்றைத்தான் நான் சொல்வேன்.

கடைசியாக ஒரு சந்தேகம்: இது பயண வாந்திதானா? வண்டியை நிறுத்தி இறங்கிக் காற்று வாங்கினால் பயணக் குமட்டல் மெல்லத் தணியும். நின்ற பிறகும் நெஞ்சில் பாரம், மூச்சுத்திணறல், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி இருந்தால் மாரடைப்பாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமல் வியர்வையும் வாந்தியுமாக மட்டும்கூட அது வரும். வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ பக்கவாதமாக இருக்கலாம். 108-ஐ அழையுங்கள். வாந்தி நிற்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.