ஒரு மில்லிமீட்டரில் மூன்று வண்டு

உயிர்களுக்குப் பெயர் வைத்தவர்கள் – 17

பள்ளிக்கூடப் பிள்ளையின் ஸ்கேலை வாங்கி, அடுத்தடுத்த இரண்டு மில்லிமீட்டர் கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். அதற்குள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறக்குறைய மூன்று வண்டுகளை நிறுத்திவிடலாம். ஆறு கால், பத்துக் கணு உள்ள உணர்கொம்பு, குடல், மூளை, முதுகை மூடும் ஓடு என்று ஒரு வண்டுக்கு வேண்டியதெல்லாம் அதற்கும் உண்டு. பாடப்புத்தகத்தில் ஒரே செல் என்று படித்தோமே பாரமீசியம், அதுவும் ஏறக்குறைய இதே நீளம்தான். வண்டின் பெயர் ஸ்கைடோசெல்லா முசவாசென்சிஸ்.

மத்திய அமெரிக்காவில் நிகராகுவாவின் முசவாஸ் என்ற இடத்தை வைத்து 1999-இல் ஹால் என்ற ஆய்வாளர் சூட்டிய பெயர் அது. அப்போது அவரிடம் இருந்தவை சில வண்டுகள்தான். நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக அவற்றைக் கண்ணாடித் தகட்டில் பிசினுக்குள் பதித்துவிட்டிருந்தார்கள். அதனால் உலகிலேயே மிகச் சிறிய வண்டு இதுவா, வேறொன்றா என்பது பல வருடம் முடிவாகாமலே கிடந்தது. பிசினுக்குள் கிடக்கும் உடலை வைத்துத் துல்லியமாக அளக்க முடியாது.

2015-இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் அலெக்சேய் பொலிலோவ், கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவுக்கு அருகே சிக்காகே மேகக்காட்டில் ஒரு மரக்காளானைக் கண்டார். அதில் அதே வண்டு கூட்டமாக இருந்தது. 85 வண்டுகளைப் படமெடுத்துக் கணினியில் அளந்தார். சராசரி 0.338 மில்லிமீட்டர், ஆகச் சிறியது 0.325. பிற உயிரை ஒட்டிப் பிழைக்காத பூச்சிகளில் இதைவிடச் சிறியது அதுவரை பதிவாகவில்லை. ஒட்டுண்ணிக் குளவிகளைச் சேர்த்தால் கணக்கு மாறும். ஒரு குளவி இனத்தின் ஆண் 0.139 மில்லிமீட்டர்தான்.

இந்த வண்டுகள் குடியிருக்கும் இடம் வேடிக்கையானது. பட்ட மரத்தில் தட்டுத்தட்டாக முளைக்கும் காளானைத் திருப்பிப் பார்த்தால், அடியில் ஊசியால் குத்தியது போல எண்ணற்ற துளைகள் தெரியும். காளான் தன் வித்துகளை உதிர்க்கும் குழாய்கள் அவை. இந்த வகை வண்டுகளின் நீண்டு ஒடுங்கிய உடல் அந்தக் குழாய்க்குள் நுழைவதற்கென்றே வார்த்தது போலிருக்கும். இவற்றின் குடும்பத்தில் பல இனங்களில் பெண் வண்டு ஒரு நேரத்தில் ஒரே ஒரு முட்டைதான் இடும். உடலே இவ்வளவு என்னும்போது வயிற்றில் அதற்கு மேல் எங்கே இடம்? சிறகும் பெரிய வண்டுகளுடையது போல் சவ்வாக இராது. நடுவே மெல்லிய ஈர்க்கு, ஓரமெல்லாம் மயிர், பார்த்தால் இறகுதான். இந்த அளவு உடலுக்குக் காற்றே பாகு மாதிரி கெட்டியாகிவிடுகிறது. மயிர்ச் சிறகே அதைத் துழாவப் போதும்.

பத்திரிகையில் செய்தி வரும்போது காட்டுப் படம் ஒன்றைப் போட்டு, ‘கண்டுபிடித்தார்’ என்று எழுதிவிடுகிறோம். எனக்கு அந்தச் சொல்லில் சற்று மனத்தாங்கல் உண்டு. காட்டில் நடப்பது பொறுக்குவது மட்டும்தான். சருகை அள்ளிச் சலித்து, புனலில் போட்டு, கீழே சாராயக் குப்பியை வைத்தால் அரிசி நொய்யைவிடச் சிறிய நூறு உயிர்கள் வந்து விழும். அவற்றில் எது புதிது என்று காட்டுக்குத் தெரியாது, பொறுக்கியவருக்கும் தெரியாது. அது மேசையில் தெரிய வேண்டிய விஷயம்.

இந்த வண்டுக் குடும்பத்தில் வெளித்தோற்றத்தை நம்பிப் பயனில்லை. எல்லாமே பழுப்பு, எல்லாமே ஒரே வடிவம். பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்துச் சதையைக் கரைத்து, பெண் வண்டுக்குள் விந்தைச் சேமிக்கும் பையைத் தனியே எடுத்துப் பார்க்க வேண்டும். இனத்துக்கு இனம் அது வேறு வேறு மாதிரி சுருண்டு, வளைந்து கிடக்கும். பூட்டைத் திறந்து பார்த்துச் சாவியின் அடையாளம் சொல்வது போன்ற வேலை. நான் ஒருமுறை நுண்ணோக்கிக்கு அடியில் ஒரு சிற்றெறும்பின் காலைப் பிரிக்கப்போய், மூச்சு விட்ட வேகத்தில் எறும்பையே தொலைத்தவன். அந்த எறும்பு இவற்றுக்கு யானை.

பை வேறாக இருந்தால் மட்டும் புதிய இனமாகிவிடாது. வேறு யாராவது ஏற்கெனவே பெயர் வைத்திருந்தால் முதலில் வைத்த பெயருக்கே உரிமை. அதனால் 1872-இல் மாத்யூஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் இந்த வண்டுகளைப் பற்றி வெளியிட்ட பெரிய நூலை இன்றைக்கும் புரட்டியாக வேண்டும். பழைய இனங்களின் மூல மாதிரிகள் எந்தெந்த அருங்காட்சியகத்தில் இருக்கின்றன என்று தேடி, இரவல் கேட்டு, பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். எல்லாம் பொருந்திவந்தால் லத்தீன் இலக்கணத்துக்கு ஒத்த பெயர், வருணனை, படம், பிறகு ‘இதுதான் இந்த இனத்துக்கு அளவுகோல்’ என்று ஒரே ஒரு வண்டு. அதைத்தான் ஹோலோடைப் என்கிறார்கள்.

ஆகவே காலம் பிடிக்கிறது. காட்டில் பிடித்த நாளிலிருந்து பெயர் அச்சேறும் வரை ஓர் இனம் சராசரியாக 21 வருடம் அலமாரியில் காத்திருக்கிறது என்று 2012-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. தென் அமெரிக்காவிலேயே இதற்கொரு உதாரணம் உண்டு. 1832-இல் அர்ஜென்டினாவின் பாஹியா பிளாங்காவில் டார்வின் ஒரு வண்டைப் பிடித்தார். இது சிறிய வண்டல்ல, கண்ணுக்கு நன்றாகவே தெரியும். லண்டன் அருங்காட்சியகத்தில் அது பல காலம் எங்கோ கிடந்து, இரவல் வந்த பூச்சிகளுக்கிடையே சட்ஸிமானோலிஸ் என்ற ஆய்வாளரின் கண்ணில் பட்டது. 2014-இல், டார்வினின் பிறந்தநாளான பிப்ரவரி 12 அன்று, அதற்குப் பெயர் வந்தது: டார்வினிலஸ் செடாரிசி. பிற்பாதி, பூச்சிகளைப் பக்குவம் செய்யும்போது அவர் ஒலிநூலாகக் கேட்டுக்கொண்டிருந்த எழுத்தாளர் டேவிட் செடாரிசுக்காக. 182 வருடம் காத்திருந்ததற்கு இப்படியொரு பெயர்!

காத்திருக்க அலமாரி இருக்கவும் வேண்டும். 2018 செப்டம்பர் 2 இரவு ரியோ டி ஜெனீரோவின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தது. சுமார் 50 லட்சம் பூச்சி மாதிரிகள் கொண்ட தொகுப்பில் பெரும்பகுதி அந்த இரவோடு போயிற்று. மூல மாதிரிகளும் அதில் அடக்கம். அப்படி ஒன்று அழிந்து, இனத்தின் அடையாளத்தில் குழப்பமும் வந்தால், வேறொரு வண்டை அந்த இடத்தில் அமர்த்த விதி இடம் கொடுக்கிறது. ஆனால் அது, முதல் வண்டு கிடைத்த இடத்துக்கு முடிந்தவரை அருகிலிருந்தே வர வேண்டும். காளான் துளைக்குள் வாழும் வண்டு என்றால், அந்த இடம் எப்போதோ மட்கி மண்ணாகிவிட்ட ஒரு மரமாகவும் இருக்கலாம்.

(தொடரும்)