தொண்டை வலியும் இதயக் கதவும்

பழவேற்காடு ஏரியில் வலை இழுக்கும் தந்தையரும், மீன் கூடை சுமக்கும் அன்னையரும் மூச்சையே முதலாகக் கொண்டு உழைப்பவர்கள். அந்த மூச்சை இளவயதிலேயே திருடும் நோய் ஒன்று, சாதாரணத் தொண்டை வலியாகத் தொடங்குகிறது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

5 முதல் 15 வயதுள்ள பிள்ளைகளின் தொண்டையை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமி தாக்குவதுண்டு. ஒரே அறையில் பலர் நெருங்கிப் படுக்கும் வீடுகளில் இது எளிதில் பரவும். கிருமியை எதிர்க்கும் உடலின் ஆற்றல், சிலரிடம் வழிதவறி மூட்டுகளையும் இதயத்தையும் தாக்குகிறது. இதுவே வாதக் காய்ச்சல். மூட்டு வீக்கம் சில வாரங்களில் மறையும். இதய வால்வில் விழுந்த தழும்போ மறைவதில்லை.

இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவே ஈரிதழ் வால்வு என்னும் கதவு உள்ளது. முகத்துவாரத்தை மணல் மூடினால் ஏரி நீர் கடலுக்குப் போகாமல் தேங்குவதை நாம் அறிவோம். அதுபோல, இவ்வால்வு சுருங்கினால் இரத்தம் நுரையீரலில் தேங்கி, அங்குள்ள குழாய்களில் அழுத்தம் மிகுகிறது. நாளடைவில் இதயத்தின் வலப்பக்கமும் தளர்கிறது. மூச்சிரைப்பு, இரவு இருமல், கால் வீக்கம் ஆகியவை இதன் அறிகுறிகள். பெண்கள் பலருக்குக் கருவுற்ற காலத்தில்தான் இந்நோய் முதன்முதலாக வெளிப்படுகிறது. அப்போது இரண்டு உயிர்களுக்கு ஆபத்து!

இந்நோயை ஆராய்ந்ததில் நம் மாநிலத்துக்குப் பெரும் பங்குண்டு. துடிக்கும் இதயத்தை நிறுத்தாமலே, சுருங்கிய வால்வை விரித்துவிடும் அறுவை சிகிச்சையை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் ஆயிரக்கணக்கானோருக்குச் செய்தனர். அவ்வாறு சிகிச்சை பெற்ற 3,724 பேரின் நிலையைத் தொடர்ந்து கவனித்து, 1983 ஆம் ஆண்டில் ‘சர்க்குலேஷன்’ என்னும் அமெரிக்க மருத்துவ ஏட்டில் வெளியிட்டனர். இன்று பலருக்கு மார்பைத் திறக்காமலே, தொடை இரத்தக் குழாய் வழியே பலூன் செலுத்தி வால்வை விரிக்கின்றனர்.

ஆயினும் வருமுன் காப்பதே சிறப்பு. உகாண்டா நாட்டில், வெளியே தெரியாத தொடக்க நிலையில் இந்நோய் இருந்த 818 பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. 4 வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போட்டுக்கொண்டவர்களுள், 2 ஆண்டுகளில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே நோய் முற்றியது. ஊசி போடாதவர்களுள் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு முற்றியது. இம்முடிவு 2021 இல் வெளியாயிற்று.

எனவே தோழியரே, பெற்றோரே! காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் கஷாயத்தோடு நின்றுவிடாமல் மருத்துவரிடம் காட்டுவோம். மூட்டு வீங்கினால் ‘வளரும் வயது வலி’ என்று தள்ளிவிடாதிருப்போம். மருத்துவர் மாதந்தோறும் ஊசி போடச் சொன்னால், வலை வேலையோ தேர்வோ குறுக்கிட்டாலும், அதைத் தவறவிடாதிருப்போம். இறைவன் அளித்த இதயத்தைப் பேணுவதும் ஒரு வழிபாடே.